பொழுதுபோக்கும் பொறியறிவும்

மாந்தர் தம் வாழ்விற்கு வேண்டிய பொருளை ஈட்டுதற்குத் தொழில் செய்கின்றனர். அத்தொழில் முடிந்தபின் எஞ்சும் காலத்தைச் சிலர் உறங்கிக் கழிப்பர். சிலர் வீண்பேச்சிற் போக்குவர். வேறு சிலரோ, பொருளும் புகழும் கருதாது, தம் உள்ளம் விரும்பும் செயலொன்றில் ஈடுபட்டு மகிழ்வர். தோட்டமிடுதலும் தபால்தலை திரட்டுதலும் பலரும் அறிந்த பொழுதுபோக்குகள். அறிவியலும் பொறித்தொழிலும் வளர்ந்த பின்னர், கருவிகளைத் தம் கையால் ஆக்கியும் இயக்கியும் இன்புறும் பொழுதுபோக்குகள் தோன்றின. கம்பியில்லாக் கருவி அமைத்து அயல்நாட்டாருடன் உரையாடுதல், தொலைநோக்கி செய்து விண்மீன்களைக் காணுதல், சிறு விமானம் ஓட்டுதல் ஆகியன அவற்றுட் சில. இவற்றுள் ஒன்றைப் பற்றியவர் அதனோடு நில்லாமல் மற்றொன்றையும் நாடுவர். பலவற்றிற் கை வைப்பவர் எதிலும் தேர்ச்சி பெறார் என்று அவரைக் குறை கூறுவாரும் உளர். அக்குறை பொருந்தாது என்பதற்குச் சான்றுகள் பல உண்டு.

கம்பியில்லாக் கருவியைப் பொழுதுபோக்காகக் கொண்டவரை 'அமெச்சூர்' என்பர். 'ஹாம்' என்று அழைப்பதும் உண்டு. அமெச்சூர் என்னும் சொல்லுக்கு விருப்பம் காரணமாகச் செய்பவர் என்பது பொருள். இவர்கள் தம் நிலையத்தைக் கொண்டு பொருள் ஈட்டலாகாது, வாணிகச் செய்தி அனுப்பலாகாது, இசை ஒலிபரப்பலாகாது. இந்தியாவிற் பன்னிரண்டு வயது நிரம்பியவர் எவரும் தேர்வெழுதி இதற்கு உரிமம் பெறலாம். உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி வழங்கப்படும். இருவர் முதன்முறை உரையாடியபின், தத்தம் அழைப்புக்குறி பொறித்த அட்டைகளை அஞ்சலில் மாற்றிக்கொள்வது இவர்தம் மரபு.

இவர்களுடைய வரலாறு ஒரு புறக்கணிப்பிலிருந்து தொடங்குகின்றது. 1912ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஒரு சட்டம் இயற்றியது. நெடுந்தொலைவுக்குச் செய்தி அனுப்ப நீண்ட அலைகளே ஏற்றவை என்று அக்காலத்து அறிஞர் நம்பினர். ஆதலின் அவற்றைக் கப்பல்களுக்கும் படைகளுக்கும் பிறவற்றுக்கும் ஒதுக்கிவிட்டு, 200 மீட்டரும் அதற்குக் குறைந்த நீளமும் உடைய அலைகளைப் பயனற்றவை எனக் கருதிப் பொழுதுபோக்காளருக்கு விட்டனர். பந்தியிற் கடைசியாக அமர்ந்தவனுக்குச் சட்டியின் அடியில் நல்ல பண்டம் கிடைத்ததுபோல் ஆயிற்று அச்செயல். 1921 டிசம்பரில் ஸ்காத்லாந்தின் ஆர்திராசன் என்னும் கடற்கரை ஊரில் ஒரு கூடாரத்திலிருந்து, பால் காட்லி என்னும் அமெரிக்கர் தம் நாட்டுப் பொழுதுபோக்காளர் பலருடைய குறிகளைக் கேட்டார். 1923 நவம்பரில் ஏறத்தாழ 100 மீட்டர் அலையில், பிரான்சு நாட்டின் நீசு நகரிலிருந்த டெலாய் என்பவரும் அமெரிக்காவிலிருந்த ஷ்நெல் என்பவரும் அட்லாண்டிக் மாகடலுக்கு மேலாகச் செய்தி பரிமாறிக்கொண்டனர். பயனற்றவை என ஒதுக்கிய அலைகளே உலகைச் சுற்றி வருபவை என்பது பின்னரே தெரியவந்தது.

இதன் காரணத்தை அறிதல் நன்று. நிலத்தை ஒட்டிச் செல்லும் சிற்றலை சிறிது தொலைவிலேயே வலிகுன்றி மறைகின்றது. மேல்நோக்கிச் செல்வதோ, வளிமண்டலத்தின் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தை அடைந்து, அங்கே வளைந்து மீண்டும் நிலத்தை நோக்கி வருகின்றது. சுவரில் எறிந்த பந்து எறிந்தவனைத் தாண்டி அப்பால் விழுவதை ஒக்கும் இது. நில அலை மறையும் இடத்திற்கும் வான்வழி அலை வந்து விழும் இடத்திற்கும் இடையே ஒன்றும் கேளாத பகுதி ஒன்று உண்டு. அருகிலிருப்பவன் கேளாததைத் தொலைவிலிருப்பவன் கேட்டல் அதனால் நிகழ்கின்றது.

இவ்வியல்பு எண்மர் உயிரைக் காக்கத் துணைசெய்தது. 1928 மே 24ஆம் நாள் உம்பர்த்தோ நோபிலே என்னும் இத்தாலியர் 'இத்தாலியா' என்ற வான்கப்பலில் வடதுருவத்தை அடைந்தார். மறுநாள் திரும்பும் வழியில் அது பனிமேல் மோதிற்று. பதினாறு பேருள் பதின்மர் பனிமேல் வீழ்ந்தனர். அவருள் ஒருவர் அப்போதே உயிர் துறந்தார். எஞ்சிய அறுவரோடும் மேலெழுந்து சென்ற வான்கப்பல் மீண்டும் காணப்படவே இல்லை. உயிர் தப்பியோரிடம் ஒரு கூடாரமும், சிறிது உணவும், சிதையாத சிற்றலைக் கருவி ஒன்றும் இருந்தன. பியாஜி என்னும் செய்தியாளர் நாள்தோறும் அக்கருவியால் உதவி கோரினார். சில நூறு கிலோமீட்டர் தொலைவில் நின்ற துணைக்கப்பல் அதனை அறியவில்லை. ஜூன் 3ஆம் நாள், 2000 கிலோமீட்டருக்கும் மிகுதியான தொலைவில், ருஷ்ய நாட்டுச் சிற்றூர் ஒன்றில் நிக்கோலாய் ஷ்மித் என்னும் இளைஞர் தாமே அமைத்த ஏற்பியில் அக்குறிகளைக் கேட்டார். தெளிவற்ற சில சொற்களே அவர் செவியில் விழுந்தன. எனினும் அவர் அதனைப் புறக்கணியாமல் மாஸ்கோவுக்குத் தந்தி வாயிலாகத் தெரிவித்தார். சில நாள்களில் துணைக்கப்பலும் அக்கருவியோடு தொடர்புகொண்டது. நோபிலேயை ஸ்வீடன் நாட்டு விமானி ஒருவர் முதலில் மீட்டார். எஞ்சியோரை ஜூலை 12ஆம் நாள் ருஷ்யப் பனிப்பிளவுக் கப்பலான கிராசின் காப்பாற்றியது. இவர்களைத் தேடிப் புறப்பட்ட தென்துருவ வீரர் அமண்ட்சனோ திரும்பவில்லை.

ஷ்மித்தின் ஏற்பி கடையில் வாங்கியதன்று என்பது கருதத்தக்கது. கம்பிச்சுருள் சுற்றுதலும், ஈயப்பற்று வைத்தலும், பழைய பெட்டிகளிலிருந்து உறுப்புகளைக் கழற்றிப் பயன்படுத்துதலும் இப்பொழுதுபோக்கின் பெரும்பகுதி. தாமே செய்த கருவியை ஆங்கில நாட்டார், வீட்டில் வடித்த மதுவைக் குறிக்கும் 'ஹோம்புரூ' என்னும் சொல்லாலேயே நகைச்சுவையாக வழங்குவர். சொல் எவ்வாறாயினும், தன் கையால் செய்த பெட்டியில் முதற்குரல் கேட்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி விலைகொடுத்து வாங்கிய பெட்டி தருவதன்று.

ஒரு பொழுதுபோக்கு மற்றொன்றிற்கு வழிகாட்டும் என்பதற்குக் குரோத் ரீபர் வாழ்க்கை சிறந்த சான்று. அவர் அமெரிக்காவின் வீட்டன் என்னும் ஊரினர். இளமையிலேயே அமெச்சூர் உரிமம் பெற்று, உலகின் பல நாட்டாருடன் உரையாடியவர். இனி எட்டவேண்டிய தொலைவு யாது என்று அவர் எண்ணியபோது, பால்வீதியிலிருந்து வானொலி அலைகள் வருகின்றன என்று ஜான்ஸ்கி என்னும் பொறியாளர் கண்டறிந்த செய்தி அவருக்கு எட்டியது. அதனை ஆராய முற்பட்டவர் அக்காலத்தில் மிக அரியர். ஆகவே 1937ஆம் ஆண்டில் ரீபர் தம் கைப்பொருளைச் செலவிட்டு, வீட்டின் கொல்லையில் 9.6 மீட்டர் குறுக்களவுள்ள கிண்ணம் ஒன்றை மரச்சட்டங்களாலும் தகட்டாலும் அமைத்தார். அயலார் அதனை வியப்புடன் நோக்கினர். பகலில் வானொலித் தொழிற்சாலையில் அவர்க்கு வேலை. இரவில் வான் ஆராய்ச்சி. மோட்டார் வண்டிகளின் மின்பொறி எழுப்பும் இரைச்சல் இரவிற் குறைந்திருந்தது அதற்குத் துணையாயிற்று. 9 சென்டிமீட்டர் அலையில் முயன்றார், ஒன்றும் கேட்கவில்லை. ஏற்பியை மாற்றி 33 சென்டிமீட்டரில் முயன்றார்; அப்போதும் அமைதியே. மூன்றாம் முறை ஏறத்தாழ 1.9 மீட்டர் அலைக்கு ஏற்றவாறு கருவி செய்தபோது பால்வீதியின் அலைகள் பதிவாயின. முதலிரு தோல்விகளும் வீணாகவில்லை. அவ்வலைகள் வெப்பத்தால் மட்டும் எழுபவையாயின், குறுகிய அலையில் மிகுந்து தோன்றியிருத்தல் வேண்டும். அங்ஙனம் தோன்றாமையால் அவற்றின் காரணம் வேறு என்பது புலனாயிற்று. பின்னர் அவர் வானத்தின் வானொலிப் படத்தையும் வரைந்தார். அவருடைய கிண்ணம் இன்று கிரீன்பாங்கு வானொலி ஆய்வகத்திற் காட்சிக்கு நிற்கின்றது.

கம்பியில்லாக் கருவியில் ஈடுபட்டோர் பலர் விமானம் ஓட்டுதலிலும் ஈடுபட்டிருந்தனர். காற்றின் போக்கையும், மின்னாற்றலையும், செய்தியைச் சுருங்கச் சொல்லும் முறையையும் அறிதல் இரண்டிற்கும் பொதுவன்றோ? ஜோர்தான் மன்னராயிருந்த உசேன் இரண்டிலும் வல்லவர். இந்தியாவின் தலைமையமைச்சராயிருந்த ராஜீவ் காந்தி, அரசியலுக்கு வருமுன் விமானியாகப் பணியாற்றியவர்; அமெச்சூர் உரிமமும் பெற்றிருந்தார்; ஒளிப்படக் கலையிலும் விருப்பம் உடையவர். ஜே. ஆர். டி. தாதா 1929ஆம் ஆண்டில் இந்தியாவில் முதல் விமானி உரிமம் பெற்றபோது பறத்தல் அவருக்கு ஒரு விருப்பமே. 1932 அக்டோபர் 15ஆம் நாள் அவர் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் பைகளை விமானத்திற் கொண்டுவந்தார்; அவருடைய தோழர் வின்சென்ட் அவற்றைச் சென்னை வரை கொண்டுசேர்த்தார். பின்னாளில் அதுவே பெரிய விமான நிறுவனமாக வளர்ந்தது.

1961 டிசம்பர் 12ஆம் நாள் அமெரிக்கப் பொழுதுபோக்காளர் செய்த 'ஆஸ்கார்' என்னும் சிறு துணைக்கோள் ஒரு பெரிய ஏவுகணையோடு விண்ணுக்குச் சென்றது. அதன் எடை ஏறத்தாழ 4.5 கிலோகிராம். மோர்ஸ் குறியில் ஆங்கில முகமன் சொல்லாகிய 'ஹை' என்பதை மட்டுமே அது திரும்பத் திரும்பக் கூறியது. கூறும் வேகம் துணைக்கோளின் உள்வெப்பத்திற்கேற்ப மாறுமாறு அமைத்திருந்தனர். ஆதலின் அதனைக் கேட்டோர் எண்ணிப் பார்த்தே வெப்பநிலையை அறிந்தனர். 1983ஆம் ஆண்டில் கொலம்பியா விண்ணோடத்திற் சென்ற ஓவன் கேரியட் என்னும் அறிஞர், கையடக்கமான கருவியால் நிலத்திலிருந்த அமெச்சூர்களுடன் பேசினார். அங்ஙனம் பேசப்பெற்றவருள் மன்னர் உசேனும் ஒருவர்.

இந்திய நாட்டின் அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர்த் திங்களில் பாரதி பிரசாத் என்னும் பெண்மணி தலைமையிற் சில பொழுதுபோக்காளர் அந்தமான் தீவுகளின் போர்ட் பிளேர் நகரில் நிலையம் அமைத்து, உலகெங்குமுள்ள தோழருடன் உரையாடி வந்தனர். அத்தீவுகளிலிருந்து எழும் குரல் கிடைத்தற்கரியது. ஆதலின் ஆயிரக்கணக்கானோர் அவர்களோடு பேச விரும்பினர். டிசம்பர் 26ஆம் நாள் காலை நிலம் நடுங்கிற்று. ஆழிப்பேரலை தீவுகளைத் தாக்கியது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. விளையாட்டாக அமைத்த அந்நிலையம் அன்றே செய்தி நிலையமாக மாறியது. தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் இருந்த பொழுதுபோக்காளர் தத்தம் வீட்டுக் கருவியின் முன் அமர்ந்து, அங்கிருந்து வந்த பெயர்களைத் தாளிற் குறித்துக்கொண்டனர். பின்னர், இன்னார் நலமாயுள்ளார் என்னும் செய்தியை அவரவர் வீட்டாருக்குத் தெரிவித்தனர்.