பாட் சரிந்த ஆண்டு

ஒரு நாடு தன் நிதிச் சந்தையை வெளிநாட்டுப் பணத்துக்குத் திறந்துவிடும்போது, எந்த வகைப் பணம் உள்ளே வருகிறது என்பதைப் பொறுத்தே பின்விளைவுகள் அமைகின்றன. ஆலை கட்ட வந்த முதலீட்டாளர் நினைத்த மறுநாளே மூட்டை கட்ட முடியாது. மூன்று மாதம், ஆறு மாதத் தவணைக்கு வரும் வங்கிக் கடனோ தவணை முடிந்ததும் போய்விடலாம். தாய்லாந்து 1990களின் தொடக்கத்தில் இந்த இரண்டாவது வகைக்கே வாசலை அகலமாகத் திறந்தது.

1990 மே மாதத்தில் செலாவணிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1993 மார்ச்சில் 'பாங்காக் பன்னாட்டு வங்கிச் சேவை' என்ற ஏற்பாடு தொடங்கியது. வெளிநாட்டில் வாங்கும் கடனை வியட்நாம், லாவோஸ் போன்ற அண்டை நாடுகளுக்குக் கொடுத்து, சிங்கப்பூர், ஹாங்காங் வரிசையில் பாங்காக்கையும் ஒரு நிதி மையமாக்குவது நோக்கம். அதற்கு வரிச் சலுகையும் தரப்பட்டது. ஆனால் வந்த கடனில் பெரும்பகுதி தாய்லாந்துக்குள்ளேயே தங்கியது.

காரணம் எளிய வட்டிக் கணக்கு. பாட் நாணயத்தின் மதிப்பை மத்திய வங்கி டாலருக்கு ஏறத்தாழ 25 என்ற அளவில் பல ஆண்டுகளாகக் கட்டிக் காத்துவந்தது. உதாரணத்துக்கு, வெளியே 6 விழுக்காடு வட்டிக்கு ஒரு கோடி டாலர் வாங்கும் நிறுவனத்துக்கு 25 கோடி பாட் கிடைக்கும். அதை உள்ளூரில் 13 விழுக்காட்டுக்குக் கொடுத்தால் ஆண்டுக்கு 1.75 கோடி பாட் மிச்சம். நாணய மதிப்பு மாறாது என்று எல்லோரும் நம்பியதால், அந்த இடரிலிருந்து தப்பிக்க யாரும் முன்பேரம் செய்து வைக்கவில்லை. நிலையான மாற்று விகிதமும் கட்டற்ற கடன் வரவும் ஒன்றாக இருந்ததுதான் தாய்லாந்தின் ஆதாரப் பிழை. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் சேதம் இவ்வளவு பெரிதாகியிருக்காது.

வங்கிகளைவிடத் தளர்ந்த கண்காணிப்பில் இயங்கிய ஃபைனான்ஸ் கம்பெனிகள் இந்தப் பணத்தை மனை, அடுக்ககம், பங்குச் சந்தை ஆகியவற்றில் கொட்டின. பாங்காக்கின் சாத்தோர்ன் பகுதியில் எழுந்த 49 மாடிக் கட்டடம் ஒன்று 1997இல் வேலை நின்று, பூசி முடிக்காத தூண்களோடு அப்படியே நின்றுபோனது. இதற்கிடையே 1995 முதல் டாலர் வலுப்பெற, அதனோடு கட்டப்பட்ட பாட்டும் ஏறியது. 1996இல் ஏற்றுமதி தேங்கியது. நடப்புக் கணக்குப் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 8 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. அந்த ஆண்டு முடிவில் ஏறத்தாழ 3,870 கோடி டாலர் கையிருப்பு இருந்தது; குறுகிய காலக் கடன் அதைவிட மிகுதி.

1997 மே மாதம் ஊக வணிகர்கள் பாட்டை மொத்தமாக விற்கத் தொடங்கினர். மத்திய வங்கி தன் டாலர்களை முன்பேர ஒப்பந்தங்களில் விற்று எதிர்த்து நின்றது. அதனால் வெளியே அறிவித்த கையிருப்பில் பெரும்பகுதி உண்மையில் கைக்கு உதவாததாகிவிட்டது. ஜூலை 2 அன்று பாட் சந்தையின் போக்கில் விடப்பட்டது. 1998 ஜனவரியில் ஒரு டாலருக்கு 55 பாட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. முன்சொன்ன நிறுவனத்தின் 25 கோடி பாட் கடன், ஒரு டாலர்கூடப் புதிதாக வாங்காமலே இரு மடங்குக்கு மேல் ஆனது. அதன் கையில் இருந்தது விற்காத அடுக்ககங்களின் அடமானப் பத்திரம்.

முடக்கப்பட்ட 58 ஃபைனான்ஸ் கம்பெனிகளில் 56, 1997 டிசம்பரில் நிரந்தரமாக மூடப்பட்டன. பாங்காக்கில் 'முன்னாள் பணக்காரர் சந்தை' கூடியது. பென்ஸ் கார்களும் கைக்கடிகாரங்களும் அங்கே விலைபோயின. கடனில் கட்டடம் எழுப்பியவர்களாவது விற்க ஏதோ வைத்திருந்தார்கள். வேலை இழந்த கட்டடத் தொழிலாளர்களுக்கு, வடகிழக்கில் ஈசான் பகுதியிலுள்ள ஊருக்குப் பேருந்து ஏறுவதைத் தவிர வழியில்லை. பன்னாட்டு நாணய நிதியம் முன்னின்று 1,720 கோடி டாலர் உதவியைத் திரட்டியது. கூடவே அதிக வட்டியையும் செலவுக் குறைப்பையும் நிபந்தனையாக்கியது. பணமில்லாமல் திணறிய தொழில்களுக்கு அது இரண்டாவது அடி. பின்னாளில் நிதியமே செலவுக் கட்டுப்பாட்டைத் தளர்த்திக்கொண்டது.

அதே புயலை மலேசியா வேறு விதமாக எதிர்கொண்டது. 1998 செப்டம்பரில் பணம் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தி, ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று நிறுத்தியது. இந்தியா தப்பியதில் காலத்தின் பங்கும் உண்டு. மூலதனக் கணக்கில் ரூபாயை மூன்றாண்டுகளில் படிப்படியாக முழுமையாக மாற்றத்தக்கதாக்கலாம் என்று தாராப்பூர் குழு ரிசர்வ் வங்கிக்கு அறிக்கை தந்தது 1997 மே மாதத்தில். அடுத்த சில வாரங்களில் பாட் சரிந்தது. அந்தக் கால அட்டவணை கிடப்பில் போடப்பட்டது.

திறந்ததைத் திரும்பச் சாத்துவதும் எளிதாக இருக்கவில்லை. 2006 டிசம்பர் 18 அன்று, உள்ளே வரும் வெளிநாட்டுப் பணத்தில் 30 விழுக்காட்டை வட்டியின்றி ஓராண்டு நிறுத்திவைக்க வேண்டும் என்று தாய்லாந்து மத்திய வங்கி அறிவித்தது. மறுநாள் பாங்காக் பங்குச் சந்தை ஏறத்தாழ 15 விழுக்காடு விழுந்தது. அன்று மாலையே பங்கு முதலீடுகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. எஞ்சிய கட்டுப்பாடும் 2008 மார்ச்சில் நீக்கப்பட்டது.

(தொடரும்)