பதிவேடு இருக்கும் ஊருக்குப் போகவேண்டியதில்லை

இந்தியாவில் பிறப்பையும் இறப்பையும் அவை நிகழ்ந்த இடத்தில்தான் பதிய வேண்டும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் இதுதான் விதி. குடும்பம் எங்கே குடியிருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் நம் வழக்கத்தால், கோவையில் வளரும் பிள்ளையின் பதிவு தென்காசிப் பதிவேட்டில் இருக்கும். சான்றிதழ் தொலைந்துபோனால் விடுப்புப் போட்டுவிட்டு அந்த ஊர் அலுவலகத்தில் போய் நிற்கவேண்டியிருந்தது. பதிவு இணையத்துக்கு வந்ததில் மக்களுக்குக் கிடைத்த பெரிய விடுதலை இந்த அலைச்சல் ஒழிந்ததுதான்.

மருத்துவமனையில் குழந்தை பிறந்தால் தகவல் தரும் பொறுப்பு மருத்துவமனையுடையது. அங்கே விவரங்களைக் கணினியில் ஏற்றுவார்கள். பதிவாளர் சரிபார்த்து ஒப்புதல் தந்ததும் பதிவு எண் உருவாகும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலர்தான் (விஏஓ) பதிவாளர். க்யூஆர் குறியீட்டோடு வரும் சான்றிதழை எங்கிருந்தும் இறக்கிக்கொள்ளலாம். படிவத்தில் கேட்கும் தாயின் படிப்பு, குழந்தையின் எடை போன்றவை புள்ளிவிவரத்துக்கு மட்டுமே, சான்றிதழில் வராது.

கவனிக்கவேண்டிய இடம் அந்த முதல் தட்டச்சு. அப்பா பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் அதுவே பதிவாகிவிடும். திருத்தலாம், ஆனால் பழைய பதிவை அழிக்கச் சட்டம் விடாது, ஓரக்குறிப்பாகத்தான் திருத்தம் ஏறும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்குச் சான்று இந்த ஒரே ஆவணம் என்பதால், வார்டைவிட்டுக் கிளம்புமுன் படிவத்தை ஒருமுறை வாங்கிப் பாருங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன். குழந்தைக்குப் பெயர் முடிவாகவில்லையென்றால் அவசரம் வேண்டாம். பெயரில்லாமலே பதியலாம், 12 மாதத்துக்குள் கட்டணமின்றியும், பிறகு 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடும் சேர்க்கலாம்.

வீட்டில் நேரும் இறப்புதான் இன்னும் எனக்குக் கவலை தருகிறது. அதை ஏற்றிவிட அங்கே மருத்துவமனை ஊழியர் இல்லை. குடும்பத்தார்தான் 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். துக்கத்தில் அந்த நாட்கள் ஓடிவிடுகின்றன. வாரிசுச் சான்றிதழ் கேட்கும்போதுதான் பலருக்கு நினைவு வருகிறது. 30 நாள்வரை தாமதக் கட்டணத்தோடு பதிவாளரே பதிந்துவிடுவார். அதற்குமேல் மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர் நிலையில் விசாரித்து ஆணை பிறப்பித்த பிறகே பதிவாளர் கணினியைத் தொட முடியும்.