காட்டுக்குப் போகுமுன், அது யாருடைய காடு என்று கேளுங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் மலாக்காவின் ஜாசின், மெர்லிமாவ், பெம்பான், சிலாண்டார் பக்கமெல்லாம் ஒரே பேச்சாகிவிடுகிறது. லேடாங் மலை ஏறலாமா, அசகான் நீர்வீழ்ச்சிக்குப் போகலாமா, கடல் தாண்டித் தீவுக்குப் போகலாமா? யாரோ ஒரு தம்பி வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்குகிறார். தலைக்கு இத்தனை வெள்ளி என்கிறார். பணம் ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. ரசீது கேட்டால் சிரிப்பு. பெர்மிட் கேட்டால், "அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன் அண்ணே, நீங்க வண்டியில ஏறுங்க" என்று பதில்.

பயணம் ஒழுங்காக முடிந்தால் யாரும் எதையும் கேட்பதில்லை. ஆள் காணாமல் போனால், ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டால், ஏற்பாட்டாளர் தொலைபேசியை அடைத்துவிட்டால், அப்போதுதான் குடும்பம் ஓடி வருகிறது. கையில் இருப்பது வாட்ஸ்அப் படம் ஒன்று மட்டும். இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துத்தான் இந்தக் கட்டுரை.

எந்த அலுவலகம்?

நம் நாட்டு அரசியலமைப்பில் நிலமும் காடும் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளவை. அதனால் எல்லாக் காட்டுக்கும் ஒரே கவுண்டர் கிடையாது. இது தெரியாமல் போகிறவர்கள்தான் பெரும்பாலும் சிக்குகிறார்கள்.

லேடாங் மலையின் உயரம் 1,276 மீட்டர். சாகில் பக்கமிருந்து ஏறினால் அது ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. அனுமதியை அவர்களிடம்தான் வாங்க வேண்டும். அசகான் அடிவாரமோ மலாக்கா மாநிலத்தில், நம் ஜாசின் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரே மலைதானே என்று ஒரு பக்கத்து அனுமதியை வைத்துக்கொண்டு மறுபக்கம் ஏறக்கூடாது. அனுமதி அதில் எழுதியிருக்கும் பாதைக்கு மட்டும்.

"ஊத்தான் சிம்பான் கெக்கால்" என்ற பலகை இருந்தால் அது நிரந்தர வனக் காப்பகம்; வன இலாகாவைக் கேளுங்கள். பகாங், கிளந்தான், திரங்கானு மூன்றிலும் விரிந்து கிடக்கும் 4,343 சதுர கிலோமீட்டர் தாமான் நெகாரா, வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தான் கையில் உள்ளது. தியோமான், ரெடாங் போன்ற தீவுகளின் கடல் பூங்காவுக்கு மீன்பிடி இலாகா. ஆற்றோர முகாம் தளத்துக்கு உரிமம் கொடுப்பது ஊராட்சி மன்றம்; இங்கே அது ஜாசின் நகராண்மைக் கழகம். நீர்வீழ்ச்சிக்குப் போகும் வழி எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் போனால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். "எங்க தாத்தா பால் வெட்டின தோட்டம்" என்பது அனுமதி ஆகாது.

பெர்மிட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா?

1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு கூறுவதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நிரந்தர வனக் காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஏற்பாட்டாளரை மட்டும் பிடிப்பார்கள் என்று எண்ண வேண்டாம். காட்டுக்குள் கால் வைத்தவர் ஒவ்வொருவரும் இதில் அடங்குவர்.

மலையேற்ற அனுமதிக்கு வன இலாகாவின் இ-பெர்மிட் முறையில் இணையம் வழி விண்ணப்பிக்கலாம். இணையம் பழக்கமில்லாதவர்கள் மாவட்ட வன அலுவலகத்துக்கு, அதாவது "பெஜாபாட் ஊத்தான் டாயெரா"வுக்கு, நேரில் போகலாம். எல்லாருடைய அடையாள அட்டை எண்களையும், வீட்டில் இருப்பவரின் தொலைபேசி எண்ணையும், ஏறும் நாளையும் பாதையையும் எழுதிக்கொண்டு போங்கள். முதல் நாள் மாலையில் போய் நின்று, "நாளைக்குக் காலையில ஏறணும்" என்று கெஞ்சாதீர்கள்.

பெர்மிட் வந்ததும் மடித்துப் பைக்குள் வைக்காமல் வாசியுங்கள். காட்டின் பெயர் சரியா? தேதி சரியா? வழிகாட்டியின் பெயர் இருக்கிறதா? உங்கள் பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் பட்டியலில் இருக்கின்றனவா? கடைசி நேரத்தில் வண்டியில் ஏறிய மச்சான் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அவருக்குப் பெர்மிட் இல்லை. தேடுதல் நடக்கும்போது தீயணைப்பு மீட்புப் படை எத்தனை பேரைத் தேடுவது என்று கணக்கெடுப்பது அந்தப் பட்டியலை வைத்துத்தான். பட்டியலில் இல்லாதவரைத் தேட வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

வழிகாட்டி என்று சொல்பவரிடம் வன இலாகா அங்கீகரித்த "மாலிம் குனோங்" அட்டையைக் கேளுங்கள். பலமுறை மலையேறியவர் என்பது தகுதி ஆகாது. அட்டை காட்டத் தயங்கினால் அந்தப் பயணம் வேண்டாம்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. எழுத்து மங்கிய பலகையைச் செடி மூடியிருந்தால் அது எச்சரிக்கைப் பலகை ஆகாது. தோட்டத்து மக்கள் கூட்டம் கூட்டமாக வரும் இடத்தில் தமிழில் ஒரு வரி எழுத என்ன தடை? 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலியில் ஒரு பண்ணையின் முகாம் தளத்தில் மண்சரிவு 31 உயிர்களைக் கொண்டுபோனது. அந்தப் பண்ணைக்கு முகாம் நடத்தும் உரிமமே இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. அதன்பின் நாடெங்கும் சோதனை, மூடல், அறிக்கை. அந்த வேகம் எத்தனை நாள் இருந்தது? உரிமம் இல்லாத தளத்தை ஆள் சாவதற்கு முன்பு மூடுவதுதான் ஊராட்சி மன்றத்தின் வேலை.

நீங்களும் கேளுங்கள். முகாம் தளத்தில் பணம் கட்டுமுன், "லெசென் எங்கே?" என்று கேட்பது உங்கள் உரிமை. சரிவின் அடியிலும் ஆற்றுப் படுகையிலும் கூடாரம் அடிக்கச் சொன்னால், லெசென் இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

தண்ணீர் நிறம் மாறினால்

கெப்பாலா ஆயர் என்னும் திடீர் நீர்ப்பெருக்கு 2021 ஆகஸ்டு 18 அன்று கெடா ஜெராய் மலையடிவாரத்தில் உயிர்களைப் பறித்தது. 2023 ஜூலை 1 அன்று திரங்கானு கெமாமானின் ஆயர் பூத்தே ஆற்றில் ஒரே குடும்பத்தினரை அடித்துச் சென்றது. இருந்தும் நம்மவர்கள் ஆற்று நடுப்பாறையில் அடுப்பு மூட்டி, கோழிக் கறி சமைத்து, குழந்தைகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, மேலே மலை கறுத்திருப்பதைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். மழை மேலே, மலை உச்சியில் பெய்துகொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் பாறை வழியாகத் திரண்டு ஒரே அடியாக இறங்கும். அதற்குமுன் சில அறிகுறிகள் தெரியும். தெளிந்த தண்ணீர் தேநீர் நிறமாகக் கலங்கும். சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும். சற்றுமுன் வெளியே தெரிந்த கல் மூழ்கியிருக்கும். மேலிருந்து இரைச்சல் கேட்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மேட்டில் ஏறுங்கள். பானை, பாய், கைப்பேசி எதையும் எடுக்கத் திரும்பாதீர்கள். ஆற்றின் போக்கிலேயே ஓடாமல் பக்கவாட்டில், கரையின் உயரத்துக்கு ஏறுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: எதையும் எடுக்கத் திரும்பாதீர்கள்.

வீடு திரும்பிய பின் வரும் காய்ச்சல்

2010இல் பகாங் மாறானில் உள்ள லுபோக் யூவில், நீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களிடையே எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் மெலியோய்டோசிஸ் என்னும் மண்கிருமி நோயும் பரவின. எட்டுப் பேர் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரிலிருந்து எலிச் சிறுநீர்க் காய்ச்சல், மருத்துவர்கள் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக ஆக்கப்பட்டது.

ஆற்றில் குளித்துவந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து, சில சமயம் ஒரு மாதம் கழித்தும், காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் பனடோல் போட்டுப் படுத்துவிடாதீர்கள். கிளினிக்குக்குப் போனதும், டாக்டர் கேட்காவிட்டாலும், "இத்தனாம் தேதி ஆற்றில் இறங்கினேன்" என்று நீங்களே சொல்லுங்கள். அதைச் சொல்லாததால் சாதாரணக் காய்ச்சல் என்று மருந்து வாங்கிவந்து, பிறகு முற்றிய நிலையில் மருத்துவமனைக்கு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். மண்கிருமி நோய் இனிப்புநீர் உள்ளவர்களை அதிகம் தாக்கும். நம் வீடுகளில் இனிப்புநீர் இல்லாத வீடு எது? காலில் புண் இருந்தால் சேற்றிலும் ஆற்றிலும் இறங்கவே வேண்டாம்.

படகு

அஞ்சோங் பத்து படகுத்துறையிலிருந்து பூலாவ் பெசார் தீவு கண்ணுக்கெட்டும் தூரம்தான். அதனாலேயே அலட்சியம். பயணிகளை ஏற்றும் படகுக்குக் கடல்துறை இலாகாவின் உரிமம் வேண்டும். மீன் பிடிக்க உரிமம் பெற்ற படகு ஆள் ஏற்றும் படகாகிவிடாது. குறைந்த காசு என்று அதில் ஏறாதீர்கள். எத்தனை பேரை ஏற்றலாம் என்று கேளுங்கள். உயிர்காப்புச் சட்டை இருக்கைக்கு அடியில் கிடந்தால் போதாது. உடம்பில் கட்டியிருக்க வேண்டும், குழந்தைக்குக் குழந்தை அளவில். நவம்பர் முதல் கிழக்குக்கரையில் பருவமழை. அந்த மாதங்களில் யாராவது ரெடாங்குக்கு மலிவுப் பயணம் விற்றால், ஏன் மலிவு என்று கேளுங்கள்.

பணம் கொடுக்குமுன், ஏமாந்தபின்

சுற்றுலா நிறுவனத்துக்கு 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு வாங்கி அமைச்சிடம் சரிபாருங்கள். வங்கிக் கணக்கு எண்ணைப் போலீசின் "செமாக் மியூல்" தளத்தில் தட்டிப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே பணம் போட்டு, நிறுவனப் பதிவு எண் உள்ள ரசீது வாங்குங்கள்.

மோசடி என்று தெரிந்த அதே நிமிடம் மோசடிப் புகார் எண் 997க்கு அழையுங்கள். அடுத்த கணக்குக்குப் பணம் மாறுவதற்குள் தடுக்க இதுதான் வாய்ப்பு. பிறகு போலீஸ் புகார்.

ஏற்பாட்டாளர் உண்மையான வியாபாரிதான், ஆனால் சொன்னதைச் செய்யவில்லை, பணத்தையும் திருப்பித் தரவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம். கட்டணம் ஐந்து வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். நிரப்ப வேண்டிய படிவம் "போராங் 1". மலாக்காவில் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அலுவலகத்தில் கேளுங்கள். இணையம் வழியும் பதியலாம்.

இங்கேதான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். போராங்கில் எதிர்த் தரப்பின் பெயர், முகவரி என்ற இடத்தில் "ராஜா அண்ணன், வாட்ஸ்அப்" என்று எழுத முடியாது. நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மின் பதிவில் உள்ள நிறுவனப் பெயரும் முகவரியும் வேண்டும். எஸ்எஸ்எம்மில் சிறு கட்டணம் கட்டினால் அந்த விவரம் கிடைக்கும். விளம்பரம், உரையாடல், பணம் போட்ட சான்று எல்லாவற்றையும் தாளில் அச்செடுத்துத் தேதி வாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள். தீர்ப்பு வந்த பிறகும் அவர் பணம் தராவிட்டால் அது குற்றம்.

காயமும் மரணமும் இந்த மன்றத்தின் அதிகாரத்தில் வராது. அவற்றுக்குச் சிவில் நீதிமன்றம். பிறருடைய அலட்சியத்தால் இறந்தவரைச் சார்ந்திருந்தோர் மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அரசாங்க அமைப்பின் மீது வழக்கென்றால் 36 மாதக் கெடு. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் மலாக்கா வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பலருக்கு இது தெரிவதே இல்லை. வேலை செய்துகொண்டிருந்தவர் விடுமுறை நாளில் ஆற்றில் மூழ்கி இறந்தாலும், சந்தா நிபந்தனை பூர்த்தியாகியிருந்தால், குடும்பத்துக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் பென்சென் பெனாக்காட், அதாவது சார்ந்திருந்தோர் ஓய்வூதியம், உண்டு. மரணம் வேலையிடத்தில் நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை. இறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். கோயிலில் தாலி கட்டி, தேசியப் பதிவு இலாகாவில் பதியாமல் விட்ட மனைவி அங்கே மனைவி என்று நிரூபிக்க முடியாமல் நிற்கிறாள். 1982 மார்ச் முதல் பதிவு கட்டாயம். பதியாதவர்கள் நாளைக்கே பதியப் போங்கள்.

கிளம்பும் நாளில்

வீட்டில் இருக்கும் ஒருவர் கையில் ஒரு தாள் கொடுங்கள். அதில் எல்லாருடைய பெயரும் அடையாள அட்டை எண்ணும், வண்டி எண், போகும் காடு, பாதை, வழிகாட்டியின் தொலைபேசி, திரும்பும் நேரம் இருக்கட்டும். கூடவே பெர்மிட்டின் பிரதி. இத்தனை மணிக்குள் எங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் 999க்கு அழைக்க வேண்டும் என்று நேரத்தையும் எழுதிவிடுங்கள். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று அவர் தயங்கக் கூடாது. தவறாக அழைத்துவிட்டால் ஏற்படும் சங்கடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தத் தாளை எழுதக் கால்மணி நேரம் போதும். அதை எழுத நேரமில்லை என்றால் அன்றைக்குக் காட்டுக்குப் போக வேண்டாம்.