பெண்ணெலியின் பொய்க் கர்ப்பம்

பெண்ணெலிக்கு 4 அல்லது 5 நாட்களுக்கொருமுறை சூல் முதிர்கின்றது. சூல் வெளியேறியதும் சூலகத்தில் உண்டாகும் மஞ்சட்சடலம், ஆணுடன் கூடாவிடின், விரைவில் செயலற்றுவிடும். வீண்செலவு செய்ய எலிக்கு ஏது பொழுது!

புணர்ச்சி நிகழ்ந்தாலோ, கருப்பைக் கழுத்திற் பட்ட தூண்டலை நரம்புகள் மூளைக்கு அறிவிக்கின்றன. அதன்மேல் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, விடியுமுன் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையுமாக, நாள்தோறும் புரோலக்ரின் என்னும் ஓமோனைப் பெருக்குகின்றது. அதனால் மஞ்சட்சடலம் நிலைத்து, கருவைத் தாங்கும் புரோஜெஸ்தரோனைச் சுரக்கின்றது. சிறுபொழுதுத் தீண்டலை உடல் ஏறத்தாழ 10 நாள் மறப்பதில்லை!

ஆண் மலடாயினும் இஃது இவ்வாறே நிகழும். கருப்பைக் கழுத்தை ஒரு கோலால் தூண்டினாலும் போதும் என்பதை அமெரிக்க அறிஞர் லோங், எவான்ஸ் இருவரும் 1922இல் எழுதினர். கரு உண்டாயின், சூல்வித்தகம் பின்னர் அப்பொறுப்பை ஏற்கும். இல்லையேல், ஏறத்தாழ 13 நாளில் எலி தன் பழைய சுற்றுக்கே திரும்பும்.