"யெஸ்" என்பதா, "நோ" என்பதா?

நமது ஆங்கில வகுப்புக்கு வரும் அம்மையார் ஒருவர் சென்ற மாதம் தமது அனுபவமொன்றைக் கூறினார். சிறிய சத்திரசிகிச்சை ஒன்றுக்காக அதிகாலையில் வெறும் வயிற்றுடன் வைத்தியசாலைக்குச் சென்றிருக்கிறார். "யூ ஹாவன்ட் ஈட்டன் எனிதிங்?" என்று தாதி கேட்க, இவர் "யெஸ்" என்றார். அவ்வளவுதான், சிகிச்சை பிற்போடப்பட்டது. "நான் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கேல்லை, மாஸ்டர்" என்று அவர் சொன்னபோது சிலர் சிரித்தனர். சிரித்தவர்களிடமே அந்தக் கேள்வியைக் கேட்டேன். பாதிப்பேர் "யெஸ்" என்றனர்!

இப்பிழைக்குக் காரணம் நமது தாய்மொழிப் பழக்கமே. "சாப்பிடவில்லையா?" என்றால் "ஓம், சாப்பிடவில்லை" என்கிறோம். கேட்டவர் நினைத்தது சரி என்று அவருக்கு உடன்படுகிறோம். ஆங்கிலத்தில் கேட்டவரின் நினைப்பு கணக்கில்லை, செயல் மட்டுமே கணக்கு. செயல் நடந்திருந்தால் "யெஸ்", நடக்காவிட்டால் "நோ". கேள்வி எந்த உருவில் வந்தாலும் இதுவே விதி. ஆகவே சாப்பிடாதவர் "நோ, ஐ ஹாவன்ட்" என்று முழுமையாகச் சொல்லிப் பழக வேண்டும். முதற்சொல் பிழைத்தாலும் அடுத்த சொல் காப்பாற்றும்.

இதில் ஆங்கிலேயரும் இடறியிருக்கிறார்கள் என்பது நமக்கு ஓர் ஆறுதல். முற்காலத்தில் அவர்களிடம் நான்கு விடைச்சொற்கள் இருந்தன. உடன்பாட்டு வினாவுக்கு "யே", "நே". எதிர்மறை வினாவுக்கு "யெஸ்", "நோ". பைபிளை மொழிபெயர்த்த வில்லியம் டின்டேல் இந்த வேறுபாட்டைப் பேணவில்லை என்று 1532இல் சேர் தோமஸ் மோர் கண்டித்து எழுதினார். வேடிக்கை என்னவென்றால், மோர் கூறிய விதியும் அவர் காட்டிய உதாரணமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை! விடையை எட்டு வகையாகப் பிரித்த நன்னூலார் இருந்திருந்தால் இருவருக்கும் நடுவராகியிருப்பார்.

வைத்தியரிடம் அடிக்கடி தவறும் இன்னொன்று, "சின்ஸ்", "ஃபோர்" என்பன. இங்கே தமிழே கைகொடுக்கும். "இரண்டு நாளாக" என்பதில் வரும் "ஆக" என்றால் "ஃபோர்". "திங்கட்கிழமையிலிருந்து" என்பதில் வரும் "இருந்து" என்றால் "சின்ஸ்". ஆகவே "சின்ஸ் டூ டேய்ஸ்" அன்று, "ஃபோர் டூ டேய்ஸ்". ஆனால் வினைச்சொல்லில் கவனம் தேவை. "நோகிறது" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை அவர்கள் "ஐ ஹாவ் ஹாட் திஸ் பெயின்" என்பார்கள். "ஐ ஆம் ஹாவிங்" என்று தொடங்குவது நம்மவர் வழக்கம்.

"எ", "த" எங்கே வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எதைப்பற்றிப் பேசுகிறோம் என்று கேட்பவருக்குத் தெரியுமானால் "த" என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விதிவிலக்குகள் பல, அவற்றுக்கு வகுப்புக்குத்தான் வரவேண்டும்.

அம்மையாருக்கு வேறு திகதி கிடைத்தது. முதல்நாள் இரவு மகள் தாதியாக நடித்துக் கேள்வி கேட்க, தாயார் "நோ, ஐ ஹாவன்ட்" என்று பத்துத் தடவை சொல்லிப் பழகினாராம். மறுநாள் தாதியோ "ஹாவ் யூ ஈட்டன்?" என்று நேராகவே கேட்டுவிட்டார். அதற்கும் அதே விடைதானே!