முற்றத்து அறிவியல் – 7: கம்பின் காலடியில் ஒளியும் நிழல்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். சத்துணவுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, வெயிலில் நின்றபடி என்னைக் கூப்பிட்டாள்.

“சார், உச்சி வெயில்ல நிழலே விழாதுன்னு சொன்னாங்கள்ல? இந்தா கெடக்கு பாருங்க!”

கிடந்தது. மணி பன்னிரண்டரை. அவள் காலடியிலிருந்து வடக்கு நோக்கி இரண்டடிக்குக் குறையாத நிழல். நம்மில் பலர் சிறுவயதில் ஒரு படம் பார்த்திருப்போம். காலையில் மரத்துக்கு நீள நிழல், மாலையில் எதிர்ப்பக்கம் நீள நிழல், நடுவில் தலைக்கு நேர் மேலே சூரியன், மரத்தடியில் நிழலே இல்லை. அந்தப் படத்தில் பாதிதான் சரி. நண்பகலில் நிழல் மிகவும் குறுகும். குறுகுவது வேறு, மறைவது வேறு. இந்த வித்தியாசத்தை ஒரு சிறுமி தன் நிழலைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். அதற்கு மேல் ஒரு அறிவியல் வகுப்பில் என்ன வேண்டும்?

அன்றே வேலையை ஆரம்பித்தோம். ஒரு மீட்டர் நீளக் கம்பு ஒன்றை முற்றத்தில் நட்டோம். அது செங்குத்தாக நிற்பதுதான் முக்கியம். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைக் கேட்டு வாங்கி நிமிர்த்தினோம். பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு புள்ளி. நிழல் எப்போது மிகக் குறுகியதாக இருக்கிறதோ அதுதான் அந்த ஊரின் உண்மையான நண்பகல். அந்த நிழல் காட்டுவதே உண்மையான வடக்கு. திசைகாட்டி தேவையில்லை. அந்தத் திசையில் ஒரு பெயிண்ட் கோடும் போட்டு வைத்தோம். பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றே ஒன்று: தலை குனிந்து நிழலைப் பார்க்கலாம், தலை நிமிர்ந்து சூரியனைப் பார்க்கக் கூடாது.

நண்பகல் என்பது கடிகாரத்தின் பன்னிரண்டு அல்ல என்பதும் அன்றே தெரிந்தது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. மதுரை அதற்கு மேற்கே இருக்கிறது. ஆகவே சூரியன் இங்கே உச்சிக்கு வரத் தாமதமாகும். ஏப்ரல் மத்தியில் மதுரைக்கு நண்பகல் 12.17 வாக்கில், சென்னைக்கு 12.08 வாக்கில், கோவைக்கு 12.22 வாக்கில் வரும்.

பொங்கல் சமயத்தில் எங்கள் கம்பின் நண்பகல் நிழல் ஏறத்தாழ 60 செ.மீ. பிப்ரவரி நடுவில் 42 ஆனது. மார்ச் நடுவில் 22. பிள்ளைகள் கேட்காமல் இருப்பார்களா? “நிழல் எங்க சார் போகுது?”

நிழல் எங்கும் போகவில்லை, சூரியன்தான் வடக்கே வந்துகொண்டிருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் உத்தராயணம் என்று சொல்வது இதைத்தான். இன்னும் சரியாகச் சொன்னால், பூமி 23.5 பாகை சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றி வருவதால் அப்படித் தெரிகிறது. சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும் இடம் டிசம்பரில் மகர ரேகையில் இருக்கும். மார்ச் 21 வாக்கில் நிலநடுக்கோட்டைக் கடந்து, ஜூனில் கடக ரேகையைத் தொட்டுத் திரும்பும். நடுவில் நம் ஊர் வழியாகத்தானே போயாக வேண்டும்!

அந்தப் பயணத்தைப் பிள்ளைகளுக்கு வரைபடத்தில் காட்டினேன். நாளொன்றுக்குச் சுமார் 40 கிலோமீட்டர். சைக்கிளில் நிதானமாகப் போகிறவர் ஒரு பகலில் கடக்கும் தூரம். ஏப்ரல் 10, 11 வாக்கில் கன்னியாகுமரி. சித்திரைப் பிறப்பன்று சிவகாசி, ராஜபாளையம் வட்டாரம். 16 வாக்கில் மதுரை. 18 வாக்கில் திருச்சி, தஞ்சாவூர். 20, 21-இல் சேலம். 24, 25-இல் சென்னை. ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாள் முன்பின் ஆகலாம். அந்தந்த ஊரில் அந்த நாளின் நண்பகலில், நேராக நிற்கும் எந்தப் பொருளுக்கும் பக்கவாட்டில் நிழல் இல்லை. நிழலில்லா நாள் என்று சொல்வது இதைத்தான். டெல்லிப் பிள்ளைகளுக்கு இது ஒருநாளும் வாய்க்காது, டெல்லி கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வாசலிலேயே கிடைக்கிறது. அதைப் பாடநூலில் ஒரு வரியாகப் படித்துக் கடந்துபோவது எனக்குத் தாங்கவில்லை.

தஞ்சாவூர் என்றதும் ஒரு பையன் எழுந்தான். “பெரிய கோயில் கோபுர நிழல் தரையிலேயே விழாதாமே சார்?”

பல தலைமுறையாகச் சொல்லப்படும் பேச்சு. அதைப் பொய் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனமில்லை, கணக்குப் போட்டே பார்த்தோம். விமானம் ஏறத்தாழ 216 அடி உயரம். அடிப்பகுதி பக்கத்துக்குச் சுமார் 100 அடி. அதாவது உச்சிக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து சுவர் ஓரத்துக்கு 50 அடி. மார்கழி நண்பகலில் தஞ்சையில் சூரியன் உச்சியிலிருந்து 34 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். உச்சியின் நிழல் 147 அடி வடக்கே போகும். சுவரைத் தாண்டி 90 அடிக்கு மேல் வெளியே விழுந்தே தீரும். காலையிலும் மாலையிலும் எந்த மாதமானாலும் நீளமாகவே விழும். ஆனால் பங்குனியிலிருந்து ஆவணி வரை, நண்பகலில் மட்டும், சூரியன் உச்சியை ஒட்டியே இருப்பதால் நிழலின் பெரும்பகுதி விமானத்தின் சொந்த அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். உச்சிக்கால பூசைக்குக் கோடையில் போன யாரோ கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். எந்த மாதம், எந்த வேளை என்பது மட்டும் வழியில் உதிர்ந்துபோயிருக்கலாம்.

கம்பு நட்டு நிழல் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் அரண்மனை கட்டும் இடம் வருகிறது. இரண்டு கோல்களை நட்டு, சூரியன் எந்தப் பக்கமும் சாயாத நண்பகலுக்காகக் காத்திருந்து, பிறகுதான் நூல் பிடித்து மனையை வகுக்கிறார்கள். உரை எழுதிய நச்சினார்க்கினியர் அது சித்திரை மாதத்தின் நடுப்பகுதி என்று குறிக்கிறார். மதுரைப் பிள்ளைகள் முன்னால் இதைச் சொன்னபோது எனக்கே சிலிர்த்தது. அவர்கள் நட்ட கம்பும் அதே வானத்துக்குக் கீழேதான் நிற்கிறது.

ஐந்தாம் வகுப்புக்காரர்களுக்கு இன்னொரு வேலை கொடுத்தேன். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில், எகிப்தின் அலெக்சாண்டிரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரட்டோஸ்தனீஸ், தெற்கே சயீன் நகரில் கோடையின் நெடும்பகல் நாளில் கிணற்றின் அடிவரை வெயில் விழுகிறது என்று அறிந்தார். அதே நாளில் அலெக்சாண்டிரியாவில் நிழல் விழுந்தது. சாய்வு 7.2 பாகை, வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு.

நமக்குக் கன்னியாகுமரியும் சென்னையும் போதும். கன்னியாகுமரியில் நிழல் மறையும் நாளில், சென்னையின் நண்பகலில் ஒரு மீட்டர் கம்புக்கு ஏறத்தாழ 9 செ.மீ. நிழல் விழும். அதைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கித் தாளில் வரைந்து பாகைமானி வைத்தால் 5 பாகை வரும். வட்டத்தில் 72-இல் ஒரு பங்கு. வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நேர் தெற்கு வடக்காக அளந்தால் சுமார் 555 கி.மீ. ரயில் தூரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது, அது வளைந்து வளைந்து போகும். 555-ஐ 72-ஆல் பெருக்கிப் பாருங்கள். 39,960. பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. சொச்சம். இரண்டு பள்ளிகளும் ஒரு தொலைபேசியும் இருந்தால் பத்து வயதுப் பிள்ளைகள் உலகத்தை அளந்துவிடலாம்.

ஒரு கேள்வி மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் நிறுத்தியது. சூரியன் நேர் மேலே வருவது ஏப்ரலில் என்றால், கத்திரி வெயில் ஏன் மே மாதத்தில்? அடுப்பில் வைத்த கணத்தில் தோசைக்கல் காய்ந்துவிடுவதில்லை என்றேன். தரையும் அப்படித்தான், நாள்தோறும் வாங்கும் சூடு சேர்ந்துகொண்டே போகும்.

ஏப்ரல் 16 வந்தது. மூன்றாம் வகுப்புச் சிறுமி கம்பை விட்டுவிட்டு ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டைக் கொண்டு வந்து தரையில் நிறுத்தினாள். 12.17-க்கு அதன் உள்ளே தரைவரை வட்டமாக வெயில் விழுந்தது. வெளியே சுற்றிலும் நிழல் இல்லை. எல்லோரும் கத்தினார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கிழக்கே மெல்லிய கறுப்புக் கோடு தலைகாட்டியது.

ஜூனில் பள்ளி திறந்ததும் மறுபடி போனேன். கம்பு அதே இடத்தில் நின்றது. வடக்கே நாங்கள் போட்ட பெயிண்ட் கோட்டின் மேல் நண்பகலில் நிழல் இல்லை. கம்புக்குத் தெற்கே, யாரும் கோடு போடாத வெறும் மண்ணில், 24 செ.மீ. நீளத்துக்கு விழுந்திருந்தது. சிறுமி சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

(தொடரும்)