பார்க்கிங்கில் பாம்பு!

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும். இரும்புலியூர் பக்கத்து அபார்ட்மென்ட்களின் வாட்ஸ்அப் குழுக்களில், 'தண்ணீர் லாரி எப்போ வரும்?', 'லிஃப்ட் வேலை செய்யலை' என்ற புலம்பல்களுக்கு நடுவே ஒரு போட்டோ வந்து விழும். ஸ்கூட்டர் சக்கரத்துக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் ஒரு பாம்பு!

'ஐயையோ, கட்டுவிரியன்!', 'இல்லை சார், சாரை மாதிரி இருக்கு', 'எதுவா இருந்தா என்ன, அடிச்சுடச் சொல்லுங்க...' விவாதம் முடிவதற்குள் வாட்ச்மேன் கையில் கம்பு வந்துவிடும்.

ஊரின் பெயருக்குள்ளேயே புலி ஒளிந்திருக்கிறது. இப்போது புலியைப் பார்க்க வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குத்தான் போக வேண்டும். ஆனால், பாம்பு மட்டும் இந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. ஜி.எஸ்.டி. சாலையும் மதுரவாயல் பைபாஸும் சந்திக்கும் இந்தப் பகுதி, ஏரிகளும் வயல்களுமாக இருந்த பூமி. இரும்புலியூர், பீர்க்கன்காரணை, சேலையூர் என்று ஊருக்கு ஊர் ஏரி உண்டு. மழையில் வளைகளுக்குள் தண்ணீர் புகுந்தால், பாம்பு மேடான, ஈரமில்லாத இடம் தேடுகிறது. நம்முடைய பார்க்கிங் அதற்கு வசதியான மேடு. அங்கே குப்பைத் தொட்டியும் இருந்தால் எலி வரும்; எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

இப்படி வருகிறவற்றில் பெரும்பாலானவை சாரை, தண்ணீர்ப்பாம்பு போன்ற நஞ்சில்லாதவை. உயிருக்கு உலை வைப்பவை முக்கியமாக நான்கு: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன். குழப்பம் அதிகம் வருவது கட்டுவிரியனில்தான். கறுத்த உடலில் இருக்கும் வெள்ளைக் கட்டுகள் கழுத்துப் பக்கம் மங்கலாகவும் வால் பக்கம் தெளிவாகவும் இருந்தால் அநேகமாகக் கட்டுவிரியன். கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி, வால் பக்கம் மங்கினால் அது நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பாக இருக்கலாம். ஆனால், இந்தச் சோதனையை நாம் பக்கத்தில் போய்ச் செய்ய வேண்டாம். பத்தடி தள்ளி நிற்பதே நல்லது.

பாம்பைப் பற்றிய பயத்தைப் போக்க நடந்த ஒரு பெரிய முயற்சி, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் ஆரம்பித்தது என்பது பலருக்குத் தெரியாது. கிண்டியில் இருக்கும் பாம்புப் பண்ணை முதலில் தொடங்கப்பட்டது தாம்பரத்தை அடுத்த சேலையூரில்! அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்த ரோமுலஸ் விட்டேக்கர் அதை நிறுவினார். 1972-இல் அது கிண்டிக்கு இடம் மாறியது.

விட்டேக்கருக்குப் பாம்பின் தடம் பார்க்கும் வித்தையைக் கற்றுக் கொடுத்தவர்கள் செங்கல்பட்டு வட்டார இருளர்கள். அந்தக் காலத்தில் அவர்கள் பாம்பைப் பிடித்துத் தோலுக்காக விற்றுப் பிழைத்தார்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் ஏற்றுமதித் தடையும் வந்ததும் அந்தப் பிழைப்பு நின்றது. 1978-இல் கூட்டுறவுச் சங்கம் ஒன்று உருவானது. மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில் இன்றும் அது இயங்குகிறது. பிடித்த பாம்பைப் பானைகளில் சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்சை எடுத்த பிறகு மறுபடியும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பைத் திரும்பப் பிடித்துவிடாமல் இருக்க, அதன் வயிற்றுச் செதிலில் சிறிய அடையாள வெட்டு!

அந்த நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. துளித்துளியாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துத்தான் பாம்புக்கடி மருந்து தயாரிக்கிறார்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்தத் திறமைக்காகத்தான். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்கவும் அவர்களை அழைத்துப் போனார்கள்.

மருந்து இருந்தும் மரணம் குறையவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2024 நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எங்கே, எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்பது சரியாகத் தெரிந்தால்தான், மருந்தை அங்கே தேவையான அளவு வைத்திருக்க முடியும்.

உயிரைப் பறிப்பதில் நஞ்சுக்கு இணையான பங்கு தாமதத்துக்கும் உண்டு. கடித்த இடத்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை தேடி ஓடுவது... எல்லாமே ஆபத்து. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போவதுதான் சரி. பாம்பை அடித்து எடுத்துப் போகத் தேவையில்லை. விரியன் கடியென்றால், சிறிது ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்று பார்த்தே மருத்துவர் கண்டுபிடித்துவிடுவார். கட்டுவிரியன் இரவில், தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும். பெரிதாக வலியோ வீக்கமோ இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை தானாகச் செருகுவது என்றால் உடனே கிளம்பிவிட வேண்டும்.

பார்க்கிங் பாம்புக்கும் வழி எளிதுதான். குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டு, ஒருவர் மட்டும் தள்ளி நின்று அது போகும் திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொன்னால் வந்து பிடித்துப் போவார்கள். நல்ல பாம்பு, சாரை உள்ளிட்டவற்றைக் கொல்வது சட்டப்படி குற்றம். கம்பை ஓங்கிக்கொண்டு கிட்டே போகிறவரைப் பாம்பு கடிக்கக்கூடும் என்பதை வாட்ச்மேனிடமும் சொல்லி வைக்க வேண்டும். கடிபட்டால் ஆஸ்பத்திரியில் கிடக்கப்போவது அவர்தானே!